ஊருக்கே ஓடிபி வந்த என் பழைய நம்பர்

லேமினேஷன் மெஷின் சூடேறும்போது ஒரு வாசனை வரும். பிளாஸ்டிக் லேசாக உருகுகிற வாசனை. ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருந்த அந்த பிரவுசிங் சென்டரில் அந்த வாசனை வந்துவிட்டால் என் வேலை தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

பத்தாவதோடு நான் படிப்பை நிறுத்திய வருஷம் அது. அப்பாவுக்குத் தறியில் வேலை குறைந்துபோயிருந்தது. "ஒரு வருசம் வேலைக்குப் போ, பொறவு பாப்போம்" என்றாள் அம்மா. அந்தப் 'பொறவு' வரவேயில்லை.

எனக்கு ஆட்களிடம் பேச வராது, கூச்சம். அங்கே பேச வேண்டியதும் இல்லை. ஸ்கிரீனைப் பார்த்து டைப் பண்ணினால் போதும்...

வருமானச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், ரேஷன் கார்டில் பெயர் சேர்ப்பது என்று எதற்கு வந்தாலும் ஒரு மொபைல் நம்பர் கேட்கும். வருகிறவர்களில் பாதிப்பேர் போனை வீட்டில் வைத்துவிட்டு வந்திருப்பார்கள். சிலருக்குத் தங்கள் நம்பரே தெரியாது. கான்சாபுரத்திலிருந்து பஸ் ஏறி வந்தவரைத் திருப்பி அனுப்ப முடியுமா? "பாப்பா, உன் நம்பரப் போட்டு விட்டுரு. சோலி முடிஞ்சிரும்" என்பார் கடைக்கார அண்ணாச்சி. போட்டுவிடுவேன்.

கண்ணாடி மேஜை மேல் என் போன் இருக்கும். அது அதிர்ந்தால் நிற்கிறவர்கள் எல்லோரும் எட்டிப் பார்ப்பார்கள்.

"எனக்கா வந்திருக்கு தாயி? எம்புட்டு நேரமா நிக்கேன்!" என்பார் ஒரு பெரியவர்.

"அவிய உமக்கு முன்னாடி வந்தவிய. செத்த பொறும்" என்பார் அண்ணாச்சி.

நான் ஆறு எண்களையும் சத்தமாக வாசிப்பேன். நான் சத்தமாகப் பேசிய ஒரே இடம் அதுதான். கடைசியில் 'நான் சம்மதிக்கிறேன்' என்று ஒரு சின்னக் கட்டம் வரும். அதில் டிக் போடுவதும் நான்தான். எத்தனை பேருக்காகச் சம்மதித்திருப்பேன் என்று தெரியாது. யாரும் கேட்டதில்லை, நானும் யாரையும் கேட்டதில்லை.

இப்போதெல்லாம் போனில் செய்தி படிக்கிறேன். ஒருவருடைய சம்மதம் இல்லாமல் அவருடைய தகவலை எடுக்கக் கூடாதாம். கீழே கமென்ட்டில் பெரிய சண்டை நடக்கும். நான் எதுவும் எழுதமாட்டேன். அந்தக் கட்டம் மட்டும் கண்ணில் வந்து நிற்கும்.

ஒன்றரை வருஷத்தில் கடையை மூடிவிட்டார்கள். நான் ராஜபாளையத்தில் ஒரு மில்லுக்குப் போனேன். மில் கேட்டிலேயே போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள். ரீசார்ஜ் விலை ஏறிய சமயத்தில், வீட்டில் இத்தனை சிம் எதற்கு என்று பேச்சு வந்தது. என் சிம்மை விட்டுவிட்டோம். வேலை நேரத்தில் கையில் இல்லாத போனுக்கு நம்பர் எதற்கு என்றுதான் நானும் நினைத்தேன். அதை நம்பி எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது எனக்கு ஞாபகமே வரவில்லை...

போன வருஷம் மாரீஸ்வரி வந்தாள். என்னோடு பத்தாவது வரை ஒரே பெஞ்சில் இருந்தவள். பிளஸ் டூ முடித்து, நர்சிங் படிக்கப் போகிறாள். அவள் வீட்டில் காலேஜ் வாசலை மிதிக்கப்போகும் முதல் ஆள். அதற்கான முதல் பட்டதாரி சான்றிதழ் இருந்தால்தான் பீஸ் குறையும், அவள் அப்பா சேர்ப்பார். கவுன்சிலிங்குக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது.

விண்ணப்பத்தைத் திறந்தோம். ஓடிபி போய்விட்டது என்று வந்தது. அவள் போனும், புது சிம் போட்ட என் போனும் சும்மா கிடந்தன. பிளஸ் ஒன் சேரும்போது அவளுக்குச் சாதிச் சான்றிதழ் எடுத்துக் கொடுத்தவள் நான். அவள் பெயரில் அன்றைக்குப் பதிவானது என் பழைய நம்பர்தான், இப்போதும் அதுவே இருந்தது. அதை மாற்றலாம் என்று பார்த்தால், மாற்றுவதற்கும் அந்தப் பழைய நம்பருக்குத்தான் ஓடிபி போகும்.

அந்த நம்பருக்கு அவளே டயல் பண்ணி என் கையில் கொடுத்தாள். "நீயே பேசுட்டி. உன் நம்பர்தான?"

ரிங் போனது. ஒரு ஆள் எடுத்தார். கோயம்புத்தூர்ப் பக்கத்துப் பேச்சு. நான் திக்கித் திக்கி எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகத்தான் கேட்டார்.

"அந்த ஆறு நம்பரைச் சொல்லக் கூடாதுங்க கண்ணு. தெனமும் டிவியில சொல்றாங்களே."

"அது என் நம்பருங்க..."

"இப்ப என்னுதுங்க கண்ணு. எனக்கும் பொண்ணு இருக்குது. நீங்க சொல்றது நெசமாக் கூட இருக்கலாம். எனக்கெப்படிங்க தெரியும்?"

வைத்துவிட்டார். எனக்கு அழுகை வந்தது. "அவரு சொல்லுததும் சரிதானட்டி" என்றாள் மாரீஸ்வரி. அவள் என்னைத் திட்டியிருந்தால் கூட நன்றாக இருந்திருக்கும்.

தாலுகா ஆபீஸில் எழுதிக் கொடுத்தோம். நம்பர் மாறவே ஒன்பது நாள் ஆனது. சான்றிதழும் வந்தது, கவுன்சிலிங் முடிந்து நாலாவது நாள். "அடுத்த வருசம் பாப்போம்" என்றார் அவள் அப்பா. எங்கள் வீட்டில் சொன்ன மாதிரியே இருந்தது. அவள் பேண்டேஜ் கம்பெனிக்கு வேலைக்குப் போனாள்.

வாட்ஸ்அப்பில் அந்த நம்பரை எப்போதாவது பார்ப்பேன். குல்லா போட்ட ஒரு குழந்தைப் படம் இருக்கிறது. நன்றாக இருக்கட்டும்.

அந்தக் கடையில் யாரும் எதையும் மறைத்ததில்லை. எல்லாரும் என்னை நம்பினார்கள். அப்படி நம்பியதுதான் தப்பு என்று இன்று சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். எனக்கும் தெரியும். ஆனால் அப்படி ஒரு நம்பிக்கையை அதற்குப் பிறகு என்மேல் யாரும் வைக்கவில்லை...

போன வாரம் மாரீஸ்வரி இந்த வருஷத்துக்கு விண்ணப்பம் போட்டாள். ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் உட்கார்ந்து, அவளுடைய சொந்த போனில், சொந்த நம்பரில். எங்கே என்ன எழுத வேண்டும் என்று நான் பக்கத்தில் இருந்து சொல்லிக்கொண்டிருந்தேன். ஓடிபி வந்தது. அவள் போனை லேசாகத் தன் பக்கம் சாய்த்துக்கொண்டாள். வேண்டுமென்று செய்யவில்லை, கை தானாகப் போனது.

நான் பஸ் வருகிறதா என்று பார்க்கிற மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.