தீவு வீடும் என் சீதன வீடும்

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவள் நான். நாலு பேர் கூடினால் வாய் திறக்கவும் கூச்சப்படுவேன். எழுதத் தெரிந்தவர்கள் எத்தனையோ பேர் இருக்க, நான் எழுத உட்காருவது அதிகப்பிரசங்கித்தனம்தான். பொறுத்துக்கொள்ளுங்கள். இந்தக் கோபம் ஆறும் என்று காத்திருந்து பார்த்தேன், ஆறவில்லை.

எழுபதுகளின் நடுப்பகுதி. ஆஸ்திரேலியாவில், மெல்பேண் நகரில் ஒரு பலகை வீட்டில் வாடகைக்கு இருந்தோம். குளியலறைக் கூரை ஒழுகும். மழை நாளில் வாளிக்குப் பக்கத்தில் நின்று பல் தேய்ப்போம். என் கணவர் கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பர். நான் ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் விரிப்புகள் மடித்தேன். அவரோடு வேலை செய்த கிரேக்கர் ஒருவர் தன் தீவின் படம் ஒன்றைக் கொடுத்தார். வெள்ளை வீடு, நீல யன்னல், வாசலில் ஓர் ஆடு, பின்னால் மத்தியதரைக் கடல். அந்தப் படம் எங்கள் குசினிச் சுவரில், அடுப்புக்கு மேலே ஏறியது. என் நிம்மதி இறங்கியது.

"இஞ்சாரும், அந்த வீடு விலைக்கு வருகுது. வேலை விட்ட பிறகு அங்கை போய் இருப்பம். வெயிலும் இருக்கு, கடலும் இருக்கு."

"வெயிலும் கடலும் எங்கடை ஊரிலை இல்லையோ?"

"ஊரிலை சொந்தக்காரரும் எல்லோ இருக்கினம்."

எங்கள் மகள் ஆங்கிலத்தில் கேட்டாள், "ஆடும் வீட்டோடு சேர்த்தியா, அப்பா?" என்று. நானும் சிரித்துவிட்டேன். அது என் பிழை. அந்தச் சிரிப்பைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

வீடு வாங்குவதென்றால் காசு வேண்டும். அதற்கு அவர் கண் வைத்தது என் சீதன வீட்டில். அம்மா எனக்கு எழுதித் தந்த யாழ்ப்பாணத்துக் கல்வீடு. சொந்தம் என்று சொல்ல உலகத்தில் எங்களுக்கு இருந்தது அது ஒன்றுதான். நாளைக்கு மகளுக்கு எழுத வேண்டியது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ஊருக்குக் கடிதம் போட்டு, காணிப் பத்திரங்கள் எழுதும் நொத்தாரிசைக் கொண்டு ஒரு பத்திரம் எழுதுவித்துத் தபாலில் எடுப்பித்தார். நான் அதில் கையெழுத்து வைத்தால் அவருடைய தம்பி அந்த வீட்டை விற்கலாம்.

இன்னொரு கூத்தும் இருந்தது. கிரேக்கரின் தீவு துருக்கிக்குக் கிட்ட இருக்கும் எல்லைத் தீவு. பிறநாட்டார் அங்கே காணி வாங்க கிரேக்க நாட்டுச் சட்டம் இலேசில் விடாது. ஆகவே நாங்கள் காசைக் கொடுப்பது, வீட்டின் உறுதிப் பத்திரம் கிரேக்கர் பெயரில் இருப்பது என்று இரண்டு ஆண்களும் பேசி முடித்திருந்தார்கள்.

"அப்ப வீடு ஆற்றை?" என்று கேட்டேன்.

"எங்கடைதான்."

"உறுதியிலை ஆற்றை பேர்?"

"அவன் எனக்குச் சகோதரன் மாதிரி."

"கூடப்பிறந்த தமையனோடை வேலியிலை நட்ட ஒரு கதியால் தடிக்கு மூண்டு வருஷம் வழக்காடின மனுசன் நீங்கள்."

"அது காணிப் பிரச்சினை. இது நம்பிக்கை."

நம்பிக்கையாம். அன்றே மாட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை கையெழுத்து என்றார். நானும் அதற்கென்று ஒரு சேலையை அயன் பெட்டியால் மினுக்கி வைத்தேன். அதை நினைத்தால் என் மேலேயே எனக்கு எரிச்சல் வரும்.

ஞாயிறு மதியம் கிரேக்கர் வீட்டில் சாப்பாடு. சாட்சிக் கையெழுத்துக்கு அயல்வீட்டுச் சமாதான நீதவான் மூன்று மணிக்கு வருவார் என்றார்கள். சாப்பாட்டுக் கோப்பைகளை எடுத்ததும் மேசையில் இரண்டு பத்திரங்களை வைத்தார்கள். ஒன்று எனக்கு. மற்றது கிரேக்க மொழியில். அது அவருடைய மனைவிக்கு. என் வயதுப் பெண், கறுப்புச் சட்டை போட்டிருந்தாள். பேனையைத் தேடிக் கொண்டிருந்தாள்.

அவளுக்கு ஏன் ஒரு பத்திரம்? யாரிடமும் எதுவும் கேட்காத நான் அவளிடம் கேட்டேன். இருவருக்கும் ஆங்கிலம் அரைகுறை.

"உங்கள் கையெழுத்து எதற்கு?"

அவள் நெஞ்சில் கை வைத்தாள். "என் வீடு. அம்மா தந்தது. கலியாணத்துக்கு. அம்மாவுக்கு அவளுடைய அம்மா."

"நாங்கள் வாங்குகிறோம்," என்றேன்.

"வாங்குவதா? வாடகைக்கு என்றார்!"

அவள் கண்ணாடியைப் போட்டு, விரலை வைத்து வரிவரியாக வாசித்தாள். "என் வீடு, இவர் பெயருக்கு!" என்றாள் என்னிடம். பிறகு தன் புருஷனைப் பார்த்துக் கத்தத் தொடங்கினாள். எனக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை.

யாழ்ப்பாணத்தான் ஒரு வீடு வாங்கப் போனால் முதலில் விசாரிப்பது, அது யாருடைய சீதனம் என்றுதான். பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். என் கணவர் அதைக் கேட்கவில்லை. அல்லது கேட்டுத் தெரிந்துகொண்டே வந்திருந்தார். எது உண்மை என்று இன்றுவரை அவர் எனக்குச் சொல்லவில்லை.

அழைப்பு மணி அடித்தது. அவர் என் பத்திரத்தை என் பக்கம் தள்ளினார்.

"அவையின்ரை சண்டை அவையோடை. நீர் கெதியாக் கையெழுத்தை வையும்."

அவர் நீட்டிய பேனையை வாங்கி மூடினேன். பத்திரத்தை மடித்து என் கைப்பைக்குள் வைத்தேன்.

"என்ரை வீட்டை நான் விக்கிறதெண்டாலும் உங்கடை சம்மதம் வேணுமெண்டு ஊரிலை சட்டம். கலியாணம் கட்டின நாள் தொட்டு அதைச் சொல்லிக் காட்டுறியள். என்ரை கையெழுத்தில்லாமல் நீங்கள் அதிலை ஒரு ஓடும் விக்கேலாது."

"சத்தம் போடாதையும், ஆக்கள் நிக்கினம்."

"நான் இன்னும் சத்தம் போடத் தொடங்கேல்லை."

தொப்பியைக் கையில் பிடித்தபடி சமாதான நீதவான் வாசலில் நின்றார். அந்தப் பெண் கத்துவதை நிறுத்தி, அவருக்கு ஒரு தட்டில் கேக் வைத்துக் கொடுத்து, கதவைச் சாத்தினாள். பிறகு விட்ட இடத்திலிருந்து தொடங்கினாள்.

திரும்பி வரும்போது ட்ராமில் அவருக்கு முன் இருக்கையில் போய் இருந்தேன். கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக் கொண்டிருந்தேன்.

மறுநாள் மதிய இடைவேளையில், கையெழுத்தில்லாத பத்திரத்தை நொத்தாரிசுக்குத் தபாலில் திருப்பி அனுப்பினேன். பின்னேரம் மழை பெய்தது. குளியலறையில் வழக்கமான இடத்தில் வாளியை வைத்தேன்.