தெளிந்த குடுவை

எனக்கு எழுபத்தொரு வயது. பெற்ற மூன்றும் அண்ணன் விட்டுப்போன இரண்டுமாக ஐந்து பேரை வளர்த்தேன். காரைக்காலில் ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிக் குடுவை கழுவிய சம்பளத்தில்தான் வளர்த்தேன். என் கை பட்ட குடுவையில் கறை இருந்ததாக ஒருவரும் சொன்னதில்லை. அப்படிக் கழுவிய ஒன்றுதான் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

போலகத்திலிருந்து பஸ்ஸில் வரும் மேடம் அங்கே ஆராய்ச்சி செய்தார். கிருமியையே கொல்லும் கிருமி உண்டாம், பேஜ் என்பார். சாக்கடைத் தண்ணீரில் பிடித்தது. பழகிய ஒரு கிருமியை மட்டும் கொல்லும் அதை வேறொரு கிருமிக்குப் பழக்க வேண்டும். தினமும் இரண்டையும் ஒரே குடுவையில் விடுவார். மறுநாள் பார்த்தால் மோர் போலக் கலங்கிக் கிடக்கும். கிருமி பெருகிவிட்டது என்று அர்த்தம். அதிலிருந்து பேஜைப் பிரித்தெடுத்து மறுபடி விடுவார். மாதக்கணக்கில் இதே வேலை.

"புது வீட்டுக் கதவு மாதிரி இது, அக்கா. தொறக்குற வரைக்கும் தட்டிக்கிட்டே இருக்கணும்" என்பார்.

"நீங்க கல்யாணம் கட்டிப் புள்ள பெத்து வாங்க மேடம், அதுக்குள்ள தொறந்துடும்" என்பேன். சிரிப்பார்.

கலங்கியதைத் தொடக்கூடாது, எனக்கு அவர் சொன்னது அது ஒன்றுதான். தெளிவாக இருந்தால் கிருமி விடாமல் மிச்சமான வளர்ப்புச் சாறு, கொட்டிக் கழுவிவிடுவேன்.

ஒருநாள் மழை, மேடம் வரும் பஸ் தாமதம். மேசையில் ஒரு குடுவை கிணற்றுத் தண்ணீர் போலத் தெளிந்திருந்தது. மிச்சச் சாறுதான் என்று வழக்கப்படி வேகவைத்துக் கொட்டினேன், கழுவிக் கவிழ்த்தேன்.

மேடம் வந்து காலி இடத்தைப் பார்த்தார். "அங்க இருந்தது எங்கக்கா?"

"கழுவிட்டேன் மேடம்."

"கலங்கியிருந்துச்சா, தெளிஞ்சிருந்துச்சா?"

ஈரக் குடையைக் கீழே வைக்காமலே கேட்டார். தெளிந்தால் பேஜ் அந்தக் கிருமியைக் கொன்றுவிட்டது என்று அர்த்தம் என்பது அந்த முகத்தைப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது.

"கலங்கித்தான் இருந்துச்சு. கை மறதியா எடுத்துட்டேன்."

பெருமூச்சு விட்டார். "அப்பப் பரவாயில்லக்கா."

முந்தின நாள் எடுத்து வைத்ததிலிருந்து மறுபடி தொடங்கினார். அதற்கப்புறம் ஒரு குடுவையும் தெளியவில்லை. கடைசியில் 'பழகவில்லை' என்று நோட்டில் எழுதி மூடிவிட்டு, திருநள்ளாறு பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பாடம் நடத்தப் போய்விட்டார். பழகியிருந்தது. அதைப் பார்த்தவள் நான் ஒருத்திதான். போய்ச் சொல்ல எத்தனையோ நாள் கிளம்பினேன்; பஸ் ஸ்டாண்டு வரை போய்த் திரும்பினேன். போன மாதம் மேடம் இறந்துவிட்டார் என்று சேதி வந்தது.

எழுத்துக் கூட்டி எழுதியது இது. பேத்தியிடம் நீட்டினேன். "சத்தமா படி தங்கம். அந்தக் குடுவை எப்படி இருந்துச்சுன்னு இந்தத் தடவையாவது சரியாச் சொல்லியிருக்கேனான்னு பாரு."