பற்பசை மூடி வைத்த டீவி

நிவித்திகலயிலிருந்து பெரியப்பா வாட்ஸ்அப்பில் ஒரு பழைய படம் அனுப்பினார். பின்னாலேயே அவர் குரல் வந்தது.

"மகள், இது எந்தக் காலத்து டீவின்னு பார்த்துச் சொல்லு. இங்க மொத டீவி நம்ம வீட்டுலதான்னு சொன்னா மருமகன் நம்ப மாட்டேங்கிறாரு. நீதான் படிச்ச பிள்ளையாச்சே."

நான் எலக்ட்ரானிக்ஸ் படித்தவள். டீவி பழுதுபார்க்கும் கடையில் வேலை செய்கிறேன். பழைய பெட்டிகளை ஒரு வரிசைப்படி பார்ப்பேன். பெட்டி மரமா பிளாஸ்டிக்கா, ஒலிபெருக்கி எந்தப் பக்கம், குமிழ்கள் எத்தனை.

படத்தில் பெரியப்பாவின் மகள் சடங்குச் சேலையில் நிற்கிறாள். பக்கத்தில் டீவிக்கும் ஒரு மாலை. எங்கள் ஆட்கள் டீவியைப் பூத்துணி போட்டு மூடித்தான் வைப்பார்கள். படம் பிடிக்கும்போது மட்டும் ஊருக்குத் தெரியட்டும் என்று துணியைத் தூக்கிவிடுவார்கள். பெரியப்பாவும் தூக்கியிருந்தார்.

மரப்பெட்டி. பதினான்கு அங்குலம். ஒலிபெருக்கி வலப்பக்கம். இரண்டு குமிழ். கீழே இருந்ததைப் பெரிதாக்கினேன். அது குமிழே இல்லை. பற்பசை டியூப்பின் வெள்ளை மூடி.

யட்டியாந்தோட்டைக்குப் பக்கத்தில், எங்கள் ரப்பர் தோட்டத்துக் கிளப்பில் ஒரு டீவி இருந்தது. நான் பிறப்பதற்கு முந்திய கதை. கிளப்புச் சாவி அப்பாவிடம். குமிழ் உடைந்தபோது அவர்தான் ஒரு பற்பசை மூடியை அரத்தால் ராவிப் பொருத்தினார். ஒருநாள் காலையில் டீவி இல்லை. பூட்டு உடையவும் இல்லை. கிளப்புத் தலைவர் அப்பாவின் சொந்த அண்ணன், இதே பெரியப்பா. கோயிலில் எல்லோர் முன்னாலும் எரிகிற சூடத்தைக் கையால் அடித்து அணைத்துச் சத்தியம் பண்ணச் சொன்னார். அப்பா அடித்தார்.

"கள்ளனுக்குக் கை சுடுமா?" என்றார் பெரியப்பா.

அண்ணனே சொன்ன பிறகு வேறு யார் அப்பாவை நம்புவார்கள்? சில மாதங்களில் பெரியப்பா நிவித்திகலப் பக்கம் குடிபோய்விட்டார். கள்ளன் என்ற பெயர் எங்கள் வீட்டிலேயே தங்கியது. பள்ளிக்கூடத்தில் என்னைக் கண்டாலே, "டீவிக்காரன் மகளே, ரிமோட் எங்கடி?" என்பார்கள்.

அம்மாவின் பெட்டியில் அப்பா கிளப்பு டீவியின் மேல் கை வைத்து நிற்கும் படம் ஒன்று உண்டு. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரே மாடல் என்பது சாட்சி ஆகாது, ஊரெல்லாம் விற்றிருக்கும். பெட்டியின் வலது மூலையில் பலகை பெயர்ந்த இடம் இரண்டிலும் ஒரே வடிவம். மூடியின் இடது ஓரம் இரண்டிலும் ஒரே சாய்வு. அது போதும்.

"பார்த்துக்கிட்டு இருக்கேன் பெரியப்பா" என்று பதில் போட்டுவிட்டு, மூன்று வாரம் பொறுத்தேன். ஒவ்வொரு வருடமும் எங்கள் கோயில் திருவிழாவுக்கு அவர் வருவார். முதல் மரியாதை அவருக்குத்தான்.

பகல் பூசை முடிந்து, தலையில் பரிவட்டத்தோடு அவரே கேட்டார். "என்ன மகள், டீவியக் கண்டுபிடிச்சியா?"

"கண்டுபிடிச்சிட்டேன் பெரியப்பா. நம்ம கிளப்பு டீவி."

பெரிதாக்கி அச்சடித்த இரண்டு படங்களையும் சுற்றி நின்றவர்களிடம் கொடுத்தேன். அந்தக் காலத்தில் கிளப்பில் முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்த மாமா ஒருவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். "அட, இது நம்மாளு ராவின மூடியில்ல!"

அப்பா படத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தார். அண்ணனைப் பார்க்கவில்லை. "கொஞ்சம் கோணலாத்தான் ராவியிருக்கேன்" என்றார்.

"மகள், அதெல்லாம் பழைய கதை..." என்று தொடங்கினார் பெரியப்பா.

நான் தட்டில் ஒரு சூடத்தை ஏற்றி அவர் முன்னால் நீட்டினேன். "அடிச்சுச் சொல்லுங்க பெரியப்பா. உங்களுக்குச் சுடாது."

அவர் கை எழவில்லை. சூடம் எரிந்து முடிந்தது.

இன்னொன்றை ஏற்றினேன். ஒரு பாக்கெட் வாங்கிக்கொண்டுதான் வந்திருந்தேன்.