பிரகாசத்தின் பதினான்கு ஸ்தலங்கள்

தீயணைப்புப் படையில் இருந்த பிரகாசத்துக்கு ஆபத்து நெருப்பால் வரவில்லை, மின்விசிறியால் வந்தது. 1987 தொடக்கத்தில் ஆவடித் தொழிற்சாலை ஒன்றின் தீயணைப்புப் பிரிவுக்குப் புதிதாக வந்த அதிகாரி பார்த்தசாரதி ஓர் உத்தரவு போட்டார். நாற்பதைத் தாண்டியவர்கள் ஏப்ரல் கடைசியில் ஒரு தேர்வில் தேற வேண்டும். ஓட வேண்டும், கயிறு ஏற வேண்டும், முடிவில் ஓர் ஆளைத் தோளில் போட்டுக்கொண்டு மைதானத்தைக் கடக்க வேண்டும். தேறாதவர்களுக்குத் தண்டனையாகக் கேட்டில் உட்கார்ந்து பாஸ் எழுதும் வேலை. அதே சம்பளம், ஒரு நாற்காலி, தலைக்கு மேலே ஃபேன்.

மற்றவர்கள் தோற்பதற்கு முறையாகத் தயாரானார்கள். பிரகாசம் மட்டும் கலங்கிப்போனார்.

"இன்னா மச்சான், உக்கார வெச்சு சம்பளம் தர்றான். அதுக்குப் போயி மூஞ்சத் தூக்கி வெச்சிக்கினு கீற?" என்றார் கூட வேலை பார்த்த கலியமூர்த்தி.

"சைரன் அடிச்சா வண்டி என்னைத் தாண்டித்தான் போவும். நான் கேட்டைத் தொறந்து வுட்டுட்டு சலாம் அடிக்கணுமா?"

துக்கம் நியாயமானது. உடம்புதான் அதற்கு ஒத்துழைக்கவில்லை. வயது நாற்பத்து மூன்று. வயிற்றின் நிர்ப்பந்தம் தாளாமல் சட்டைப் பொத்தான் ஒன்று ராஜினாமா செய்திருந்தது. பருத்திப்பட்டு ஏரிக்கரையில் விடிகாலை ஓடிப் பார்த்தார். எதிரே வந்தவர்கள் எல்லாம் "யாருக்கு இன்னா ஆச்சு?" என்று பதறினார்கள். நடுவயதுக்காரர் ஒருவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினால் அந்நாளில் அதற்கு ஒரு சாவாவது காரணமாக இருக்க வேண்டும்.

ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு நாட்களான தபசு காலம் பிறந்ததும் வழியும் பிறந்தது. மாதா கோயில் மதிலை ஒட்டி, ஏசு சிலுவை சுமந்துபோன சிலுவைப்பாதையின் பதினான்கு ஸ்தலங்களும் சிற்பமாக நின்றன. நடுவே நல்ல மணல். அந்த நாற்பது நாளும் அங்கே ஒருவர் விழுந்தாலும் எழுந்தாலும் யாரும் காரணம் கேட்க மாட்டார்கள். கிறிஸ்துமஸுக்கும், மனைவி ஞானகுமாரி கோபித்துக்கொண்ட ஞாயிறுகளுக்கும் மட்டும் கோயிலுக்குப் போகிற பிரகாசம், மாலையில் ஷிஃப்ட் முடிந்ததும் தினமும் போகத் தொடங்கினார்.

ஒரு ஸ்தலத்தில் தண்டால், அடுத்ததில் பஸ்கி, இடையில் மணல் மூட்டையைத் தோளில் சுமந்துகொண்டு ஓட்டம். ஆண்டவர் கீழே விழுகிற மூன்று ஸ்தலங்களிலும் இவரும் தடாலென்று குப்புற விழுந்து, ஒரு தண்டால் எடுத்து, துள்ளி எழுவார். மூச்சு வாங்க இடைவெளி கிடையாது. பதினாலாவது ஸ்தலம் அடக்கம். அங்கே வந்து சேரும்போது அவருக்கும் அது பொருத்தமாகவே இருந்தது.

கோயிலைப் பெருக்கும் தாயம்மா இதைப் பார்த்துக் கண் கலங்கினாள். சிலுவைக்குப் பதில் மூட்டை! ஆண்டவரோடு சேர்ந்து விழுகிற மனுஷன்! அது அப்படியில்லை என்று சொல்ல பிரகாசம் வாயைத் திறந்தார். பேசுவதற்கு மூச்சு இல்லை. மூச்சு வந்தபோது தாயம்மா இல்லை, செய்தி தெருமுனையைத் தாண்டியிருந்தது.

மறுநாள் அவள் காத்திருந்தாள். "அண்ணாத்தே, எம் மவளுக்கு ஒரு வரன் தகையணும். எனக்காவ ஒரு சுத்து போயேன்."

போனார். அதற்கடுத்த நாள் ஒருத்தி புருஷனின் குடியைக் கொண்டுவந்தாள். இன்னொருவர் காட்டுப்பாக்கத்தில் வாங்கிய மனையின் வழக்கை. ஆளுக்கு ஒரு சுற்று. தனக்காகப் போகும் சுற்றில் ஒன்றிரண்டு தண்டாலை விழுங்கிவிடுவது பிரகாசத்தின் வழக்கம். அடுத்தவர் பெயர் சொல்லிப் போன சுற்றில் ஒன்றைக்கூட விழுங்கவில்லை. கடவுள் எண்ணிக்கொண்டிருப்பார் என்ற நம்பிக்கை அவருக்கு அவ்வளவாக இல்லை. தாயம்மா எண்ணிக்கொண்டிருப்பாள் என்பதில் சந்தேகமே இல்லை. இப்படி ஊராரின் கஷ்டமெல்லாம் அவர் தொடையிலும் தோளிலும் சதையாக ஏறியது.

இத்தனைக்கும் வீட்டில் ஒரு முட்டை கிடைக்கவில்லை.

"ஊரே உங்களைப் பாத்து கையெடுத்துக் கும்புடுது. தபசு நாள்ல போயி நான் முட்டை அவிச்சா நாலு பேரு இன்னா பேசுவாங்க?" என்றாள் ஞானகுமாரி. கஞ்சியும் கொண்டைக்கடலையும்தான். ஈஸ்டருக்குள் வயிறு காணாமல் போனது.

தேர்வு நாளில் வெயில் மண்டையைப் பிளந்தது. மற்றவர்கள் ஓட்டத்திலேயே கௌரவமாகத் தோற்று நிழலுக்குப் போய்விட்டார்கள். பிரகாசம் ஓடினார், கயிறும் ஏறினார். தூக்குவதற்குப் பார்த்தசாரதி கைகாட்டிய ஆள் கலியமூர்த்தி. படையிலேயே கனமான சரீரம் அது. பாதி மைதானத்தில் பிரகாசத்தின் வலது கால் மடங்கி முட்டி மண்ணில் இடித்தது. ஆளை இறக்கிவிட்டால் தோல்வி.

"எறக்கிடு மச்சான். ஃபேனு காத்து ஜில்லுனு வரும்" என்றது தோளிலிருந்து ஒரு குரல்.

"கம்னு கெட மாமே. இது தாயம்மா பொண்ணுக்கு."

கலியமூர்த்திக்கு ஒன்றும் விளங்கவில்லை. அதற்குள் பிரகாசம் எழுந்துவிட்டார். மிச்ச மைதானத்தை நடந்து அல்ல, ஓடியே கடந்தார்.

"எங்கய்யா பயிற்சி எடுத்தீங்க?" என்று கேட்டார் பார்த்தசாரதி.

"கோயில்ல சார்."

"ஓ, வேண்டுதலா?"

"ஆமா சார். மத்தவங்களோடது."

தாயம்மா மகளுக்கு வரன் தகைய மேலும் இரண்டு வருஷம் ஆனது. அதுவரை பிரகாசம் அவள் பெயரில் ஓடிக்கொண்டுதான் இருந்தார். தேர்வுக்கு அடுத்த வாரமே சைரன் அடித்தது. ரயில் பாதையோரம் புல் பற்றிக்கொண்டதாம். பிரகாசம் முதல் ஆளாகத் தாவி ஏறினார். போய்ச் சேர்வதற்குள் பக்கத்துக் குடிசைப் பெண்கள் குடத்துத் தண்ணீரை ஊற்றி அணைத்துவிட்டு, வண்டியை வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றார்கள். செய்வதற்கு ஒன்றும் இல்லை. இருந்தாலும் திரும்பி வரும் வழி முழுக்க மணியை அடித்துக்கொண்டே வந்தார் பிரகாசம். யாரும் தடுக்கவில்லை.