இரண்டு நிமிட ஓடிபி

எங்கள் பல்கலைக்கழக மின்நூலகத்தில் புகார் எழுத வேண்டுமானால் முதலில் உள்ளே நுழைய வேண்டும். நுழைய முடியவில்லை என்பதே புகாராக இருந்தால் வழியில்லை. கழக்கூட்டம் ஐ.டி. பூங்காவில் பார்த்த மென்பொருள் வேலையை விட்டு ஒப்பந்தத்தில் இங்கே சேர்ந்த முதல் வாரமே, சரிசெய்ய வேண்டியவற்றின் பட்டியலில் இதை ஏழாவதாக எழுதினேன். ஆறாவது, நுழைவதற்கான ஓடிபி இரண்டே நிமிடத்தில் காலாவதியாவது.

"கம்ப்ளெயின்ட் ஒண்ணும் இல்லல்லோ மோளே," என்று துணை நூலகர் மலையாளம் கலந்த தமிழில் சொல்லித் தன் கணினித் திரையைத் திருப்பிக் காட்டினார். இந்த மாதப் புகார்கள்: 0. "பின்னெ எதுக்கு மாத்தணும்?"

"உள்ளே வர முடியாதவங்க எப்படி சார் எழுதுவாங்க?"

"அவங்க வந்துட்டு எழுதட்டே."

நோட்டில் 'மூன்றாம் முறை கேட்டாயிற்று' என்று எழுதிவிட்டு இடத்துக்குத் திரும்பினேன்.

மறுநாள் பொன்முடி மலையிலிருந்து ஓர் ஆய்வு மாணவி வந்தாள். எஸ்டேட் பள்ளியில் தற்காலிக ஆசிரியை. மாதக் கடைசிக்குள் ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும். தோட்டத் தொழிலாளர் பற்றிய பழைய ஆய்வேடு ஒன்றைப் படிக்காமல் மூன்றாம் இயல் செல்லாது என்று வழிகாட்டி திருப்பி அனுப்பியிருந்தார். அதன் தாள் பிரதியைக் கரையான் தின்றுவிட்டது. இருப்பது எங்கள் தளத்தில் மட்டும். இறக்கிக்கொள்ளவும் முடியாது, திறந்து வைத்துப் படிக்கத்தான் முடியும். தினமும் பஸ் பிடித்து வந்து படிக்க அவளுக்கு விடுப்பும் இல்லை, அத்தனை பஸ்ஸும் இல்லை.

"ஸ்கூல்ல நெட் இருக்கு சேச்சி. ஃபோனுக்குத்தான் சிக்னல் இல்ல. ரோட்டு வளைவு வரைக்கும் ஓடிப் போய் நம்பரைப் பார்த்துட்டு ஓடி வரதுக்குள்ள அது செத்துப்போகுது. நேத்து ஏழு தடவை. நான் ஓட்டப்பந்தயத்துல சேர்ந்துட்டேன்னு பிள்ளைங்க பேசிக்கிதுங்க."

அவளைத் துணை நூலகரிடம் அழைத்துப் போனேன். பொறுமையாகக் கேட்டார். தன் கணினியிலேயே அவளை நுழையச் சொன்னார். ஓடிபி உடனே வந்தது, தளமும் திறந்தது.

"கண்டோ? ஒரு குழப்பமும் இல்ல."

மனதுக்குள் பத்து வரை எண்ணினேன். "சார், நீங்க ஒரு தடவை நுழைஞ்சு பாருங்க."

"ஞானோ?" என்று தன்னையே சுட்டிக் காட்டினார்.

தன் பெயரை அடித்துவிட்டு ஃபோனைப் பார்த்தபடி காத்திருந்தார். எதுவும் வரவில்லை. ஓடிபி போன எண் என்று திரையில் தெரிந்த கடைசி இரண்டு இலக்கங்கள் அவருடைய எண்ணுக்குரியவையே அல்ல. இத்தனை நாளும் அவருக்காக நுழைந்து அச்செடுத்துக் கொடுத்து வந்த அலுவலக உதவியாளரின் எண் அது. அந்த அம்மா கேன்டீனில் இருந்தார். சார் ஃபோனில் அழைத்தார்.

"கை கழுவிட்டு வரேன் சாரே, ஒரு மினிட்டு."

காலாவதி. இரண்டாம் முறை அந்த அம்மா எண்ணை வேகமாகப் படித்தார், சார் ஒன்றைத் தவறாக அடித்தார். திருத்துவதற்குள் மறுபடி காலாவதி.

"இதென்ன கூத்து? மனுஷனுக்கு ஒரு சாவகாசம் வேண்டே?"

"நீங்க உட்கார்ந்த இடத்துலயே செஞ்சீங்க சார்," என்றாள் மாணவி, தரையைப் பார்த்துக்கொண்டு.

ஓடிபி நேரத்தைக் கூட்டுவதற்காக எழுதி, மூன்று வாரமாக என் கோப்பில் கிடந்த அனுமதித் தாளை அவர் முன் வைத்தேன்.

"பத்து நிமிஷம் மதியோ, போதுமோ?"

"பதினஞ்சு," என்றாள் அவள். "திரும்பி வர்றது ஏத்தம்."

பதினைந்து என்று எழுதிக் கையெழுத்திட்டார். மாற்றி முடிக்க எனக்கு அவ்வளவு நேரம்கூட ஆகவில்லை. என் பட்டியலில் ஆறாவதை அடித்துவிட்டேன். ஏழாவதற்கு, நுழையாமலே புகார் எழுதும் வழிக்கு, குழு கூட வேண்டுமாம். சாரின் திரையில் புகார்கள் இன்னும் 0.

இரண்டு நாள் கழித்து அவளிடமிருந்து செய்தி வந்தது: "முப்பது பக்கம் படிச்சாச்சு சேச்சி. இன்னைக்கு நடந்துதான் போனேன்."