குளத்துக் காவல்காரர் யோகலிங்கம் தண்ணிக்குள் இறங்கின கதை

யோகலிங்கத்துக்கு லண்டனில் பதினெட்டு வருஷமாக ஒரே வேலை. கிழக்கு லண்டனில் ஒரு பெரிய குளம். குளத்துக்கு ஒரு கேற். கேற்றுக்குப் பக்கத்தில் கக்கூஸ் அளவில் ஒரு கொட்டில், அதற்குள் ஒரு கதிரை. கதிரையில் யோகலிங்கம்.

அது தானாக வந்த குளமில்லை. நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னம் ஊருக்குக் குடிதண்ணி வேணுமென்று ஆயிரம் பேர் மண்வெட்டியும் தள்ளுவண்டியுமாக நின்று வெட்டினது. குளக்கட்டில் ஒரு சுற்று நடந்தால் மூன்று மைல். வெட்டின கையோடு சுற்றிவரக் கம்பிவேலி அடித்து, ஒருத்தரும் கிட்ட வரக்கூடாதென்று போர்டும் போட்டுவிட்டார்கள். அந்தப் போர்டுக்குக் கைகால் முளைத்தால் எப்படியிருக்கும்? அதுதான் யோகலிங்கம். தூண்டிலோடு வந்தவனைக் கலைத்தார். வாத்துக்குப் பாண் போட வந்த கிழவியைக் கலைத்தார். வேலி பாய்ந்து குளிக்க வந்த ஹிலறி என்ற வெள்ளைக்காரியை இரண்டு தரம் ஈரத்துவாயோடு ரோட்டுக்கு அனுப்பினார். தனக்கு நீந்தத் தெரியாது என்பதை மட்டும் ஒருத்தருக்கும் சொல்லவில்லை. காவல்காரனுக்கு எதுக்கு நீச்சல்?

பிறகு ஒருநாள் மேலிடத்துக்கு ஞானம் பிறந்தது. குளம் இனிச் சனத்துக்காம். ஒரு கொக்கை மூன்று மணித்தியாலம் குழாய்க்கண்ணாடியால் பார்க்கிறவர்கள் வந்தார்கள். மீனைப் பிடித்து, நிறுத்து, அதோடு நின்று படமும் எடுத்து, திரும்பத் தண்ணிக்குள் விடுகிறவர்கள் வந்தார்கள். மீன் குழம்புக்கு இல்லையென்றால் அதன் நிறை எதுக்கென்று யோகலிங்கத்துக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. எல்லாருக்கும் கேற் திறக்க வேண்டியவர் அவர்தான். கலைத்துப் பழகின வாய், "வாங்கோ" சொல்லப் பழக இரண்டு மாதம் எடுத்தது.

கடைசியாக வந்ததுகள்தான் பெரிய விசர்க்கூட்டம். மார்கழிக் குளிரில் நீச்சலுடுப்போடு தண்ணிக்குள் இறங்குகிறவர்கள். தலைவி ஆரென்றால், அதே ஹிலறி.

யோகலிங்கத்தின் மனுசி கலாவதிக்குப் பள்ளிக்கூடக் குசினியில் வேலை. காலமை ஏழரைக்கு மனோர் பார்க்கில் பஸ் ஏறினதும் புருஷனுக்குப் போன் எடுப்பா. மனுசன் கம்பளித் தொப்பிக்குள் காதில் போன் கேட்கிற ஒரு சின்ன மெசினைச் செருகிக்கொண்டு, கரையில் நின்று, கண்ணை மூடிக் கேட்பார்.

"இஞ்சாருங்கோ, வரேக்க கிறீன் ஸ்ட்ரீட்டில இறங்கிக் கறிவேப்பிலை வாங்கோணும்."

"ஓ...ம்."

"போனமுறை மாதிரிக் காஞ்சதை அள்ளிக்கொண்டு வராதேங்கோ."

"ஓ...ம்."

"பொயிலர் திருத்துறவனுக்குச் சொன்னனீங்களோ?"

"ஓ...ம்."

சொல்லவில்லை. முப்பது வருஷம் ஒரே பெண்சாதியோடு கதைத்த ஆம்பிளையின் ஓம் அது. அடிவயிற்றில் தொடங்கி மூக்கில் முடியும். சம்மதமும் இல்லை, மறுப்பும் இல்லை, ஒரு ஆசையும் இல்லை. முனிவர்மார் இருபது வருஷம் காட்டில் இருந்து எடுக்கிற சத்தம். இவருக்குக் கல்யாணத்தில் கிடைத்தது.

ஒரு வியாழக்கிழமை அவருடைய ஓமுக்குப் பின்னால் இன்னொரு ஓம் கேட்டது. கண்ணைத் திறந்து திரும்பினார். நீச்சலுடுப்போடு பன்னிரண்டு பேர், வரிசையாக, கைகூப்பி, கண்மூடி, "ஓ...ம்" என்று இழுக்கிறார்கள்.

"ஆரது பின்னால?" என்றா கலாவதி காதுக்குள்.

"குளிக்க வந்த ஆக்கள்."

"அவையளும் கறிவேப்பிலை வாங்கப் போகினமோ?"

அன்றைக்குத் தண்ணி குளிரவே இல்லையென்று ஹிலறி வந்து கையைப் பிடித்துச் சொன்னா. அடுத்த வியாழன் இருபத்துமூன்று பேர். யோகலிங்கம் நேர்மையான மனுசன். தனக்குத் தெரிந்த இங்கிலிசில், "இது மந்திரமில்லை. எங்கட பாசையில ஓமெண்டால் யெஸ், அவ்வளவுதான்" என்று விளங்கப்படுத்தினார். ஹிலறி இரண்டு கையையும் நெஞ்சில் வைத்தா. பிறகு கண் கலங்கி, "யெஸ்" என்றா. இருபத்துமூன்று பேரும் குளத்தைப் பார்த்து மெல்லமாக "யெஸ்" என்றார்கள். யோகலிங்கம் கொட்டிலுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

இப்படிப் போய்க்கொண்டிருக்கையில் கடிதம் வந்தது. மாதமுடிவில் தன்பாட்டில் திறக்கிற கேற் போடப் போகிறார்களாம், ஆள் தேவையில்லையாம். மனுசனுக்கு வயது அறுபத்திரண்டு. அந்தக் கதிரையை விட்டால் லண்டனில் வேறு எந்தக் கதிரை இருக்கிறது? வீட்டுக்குப் போய் இருந்தால் கலாவதியின் கட்டளையெல்லாம் போனில் வராது, நேரில் வரும். முகத்துக்கு முன்னால் கண்ணை மூடிக்கொண்டு ஓம் சொல்ல ஏலுமோ?

குளிக்கிற கூட்டம் விடவில்லை. எங்கள் குருவை நிறுத்தக்கூடாதென்று இருநூறு கையெழுத்து வாங்கி மேலே அனுப்பினார்கள். விசாரிக்க வந்தவன் சஞ்சயன். ஸ்ட்ரெதமில் பிறந்து வளர்ந்த பெடியன், யோகலிங்கத்துக்குச் சம்பளம் குடுக்கிற செக்கியூரிட்டிக் கொம்பனியில் ஏரியா மனேச்சர். கொட்டில் கதவைச் சாத்திவிட்டுக் கேட்டான்:

"அங்கிள், கையெழுத்துப் பேப்பரில நீங்கள் ஸ்பிரிச்சுவல் லீடர் எண்டு கிடக்கு. இது சும்மா எங்கட ஓம் தானே?"

"ஓம், தம்பி."

"அன்ரியோட போனிலயோ?"

"ஓம்."

"எங்கட அப்பாவும் அம்மாவுக்கு இப்பிடித்தான்." சிரிப்பை விழுங்கிக்கொண்டு பேப்பரைப் புரட்டினான். "இஞ்ச பாருங்கோ. கேற்றில ஆள் வைக்க எனக்கு ஏலாது. ஆனா 'நலவாழ்வு வழிகாட்டி' எண்டு ஒரு போஸ்ட் இருக்கு. இதே கொட்டில், இதே கதிரை. ஒரு றூல்தான். வழிகாட்டி எண்டால் ஆக்களோட தண்ணிக்குள்ள நிக்கோணும். நான் ஒருக்காக் கண்ணால பாக்கோணும்."

"எவ்வளவு தண்ணி?"

"நெஞ்சளவு."

"ஆரின்ர நெஞ்சு?"

வியாழக்கிழமை வந்தது. தண்ணி ஆறு டிகிரி. ஆரோ ஆறடி ஆளின் ரப்பர் உடுப்பைக் கடன் குடுத்திருந்தார்கள். காலில் மூன்று மடிப்பு மடித்தும் யோகலிங்கம் உரிக்காத பனங்கிழங்கு மாதிரித்தான் இருந்தார். அன்றைக்குக் காது மெசினைக் கழற்றி வைத்திருந்தார், கரன்ட் அடிக்குமென்ற பயத்தில். கம்பியைப் பிடித்துக்கொண்டு படியில் இறங்கினார். முழங்கால். இடுப்பு. நெஞ்சு. கழுத்துப் பக்கத்தால் தண்ணி உடுப்புக்குள் இறங்கி முதுகுத்தண்டைத் தொட்டது.

"ஐயோ அம்மா!"

பின்னால் இறங்கி வந்த நாற்பது பேரும் கைகூப்பினார்கள். "ஐயோ அம்மா."

"சனியன், விறைக்குது."

"சனியன், விறைக்குது." எழுத்துப் பிசகவில்லை.

"காணும், என்னை விடுங்கோ, நான் ஏறப்போறன்."

அதையும் சொன்னார்கள். சுத்தமான யாழ்ப்பாணத் தமிழ் குளத்துக்கு மேலால் போய், நடுத்திட்டில் நின்ற கொக்கெல்லாம் எழும்பிப் பறந்தது. கரையில் நின்ற கொக்குப் பார்க்கிறவர்கள் குழாயைத் திருப்பி இவரைப் பார்த்தார்கள். ஏறுகிற படிக்கும் அவருக்கும் நடுவில் நாற்பது பேர். வாய் திறந்தால் பின்பாட்டு வருகிறதென்று விளங்கி, வாயை இறுக்கி மூடினார். அவர்களும் மூடினார்கள். ஏழு நிமிஷம் ஒரு சத்தமில்லை. ஹிலறி அழுதுகொண்டிருந்தா.

சஞ்சயன் குளக்கட்டில் குந்தியிருந்து பேப்பரால் முகத்தை மறைத்தபடி கேட்டான். "அங்கிள், ஒவ்வொரு வியாழனும் இப்பிடிச் செய்ய ஏலுமோ? வேண்டாமெண்டால் இப்பவே சொல்லுங்கோ."

சொல்லத்தான் பார்த்தார். பல்லுக் கிட்டிப்போய் வாய் திறக்கவில்லை. தலை மட்டும் மேலும் கீழும் ஆடியது. ஆட்டினாரோ, குளிரில் தானாக நடுங்கியதோ, அவருக்கே தெரியாது. சஞ்சயன் பேனையை எடுத்துப் பேப்பரில் இருந்த பெட்டிக்குள் சரி போட்டு, வேலைக்காலம் மூன்று வருஷம் என்று எழுதினான்.