பதின்மூன்றாவது அட்டை

பெட்ரோல் முழுவதும் தொட்டிக்குள் இறங்கிய பிறகும் ஹார்லன் பீவி அளவுக் குடுவையை நிமிர்த்துவதில்லை. கவிழ்த்தபடியே பிடித்துக்கொண்டு, உதடு அசையாமல் பத்து வரை எண்ணுகிறார். உள்சுவரில் ஒட்டிய கடைசித் துளிகள் சொட்டி முடிய அவ்வளவு நேரமாகும். பின்னால் வண்டிகள் வரிசைகட்டி ஒலி எழுப்பினாலும் அவர் ஏழிலோ எட்டிலோ நிறுத்தியதை யாரும் பார்த்ததில்லை.

மிசிசிப்பி மாநிலத்தின் மூன்று வட்டங்களுக்கு அவர்தான் எடை அளவு ஆய்வாளர். இறைச்சிக் கடைத் தராசு முதல் பருத்தி லாரிகள் ஏறும் எடைமேடை வரை அவர் கண்ணில் படாமல் எதுவும் இயங்க முடியாது. பெட்ரோல் பம்புக்கு ஐந்து கேலன் குடுவை. அதன் ஒல்லியான கழுத்தில் ஒரு கண்ணாடி, கண்ணாடியில் கோடுகள். கூடவோ குறையவோ ஆறு கன அங்குலம் வரை மன்னிப்பு உண்டு. ஏழாவது அங்குலத்தில், சரிசெய்யும்வரை பம்பை நிறுத்திவைக்கும் சிவப்புச் சீட்டு சட்டைப் பையிலிருந்து வெளியே வரும். உரிமையாளர் பெயர், குற்றம், தேதி, கையெழுத்து என நான்கும் நிரப்பி, பம்பின் கழுத்தில் கம்பியால் கட்டிவிட்டுப் போய்விடுவார்.

மைத்துனர் டப் டிஸ்டேலின் கடையும் இதற்கு விலக்கில்லை. யாலோ க்ரீக்கில் இருக்கும் ஒரே பெட்ரோல் நிலையம் அது. உள்ளே நான்கு மேசைகள், காப்பி, பிஸ்கட், வேகவைத்த நிலக்கடலை. இரண்டாண்டுக்கு முன் ஓர் ஆட்ட நாள் காலையில் அங்கே மூன்றாம் எண் பம்புக்குச் சிவப்புச் சீட்டு விழுந்தது. அந்தப் பம்பு குறைவாக அளக்கவில்லை. எட்டு அங்குலம் அதிகமாகக் கொடுத்துக்கொண்டிருந்தது. “நஷ்டமும் எனக்கு, சீட்டும் எனக்கா மச்சான்?” என்று டப் கேட்டதற்கு ஹார்லன் சொன்ன பதிலை ஊரார் இன்றும் அவர் குரலிலேயே சொல்லிக் காட்டுவார்கள்: “யாருக்குக் கூடப் போனா என்ன? கோடு பொய் சொல்லுதுல்ல?”

இந்த மனிதருக்கு இன்னொரு அளவும் உண்டு. கல்லூரி ஃபுட்பால். தலைக்கவசமும் தோள்கவசமும் மாட்டிக்கொண்டு, முட்டை வடிவப் பந்துக்காக முட்டிமோதும் அந்த ஆட்டம் இலையுதிர்காலச் சனிக்கிழமைகளில் அவ்வூரை மொத்தமாக விழுங்கிவிடும். ஆட்டக்காலம் முடிந்ததும், நூற்றுச் சொச்சம் கல்லூரிகளில் பன்னிரண்டை ஒரு குழு தேர்ந்தெடுத்து இறுதிச் சுற்றுக்கு அனுப்பும். ஆட்டக்காலத்தின் கடைசி வாரங்களில், அதுவரை யார் ஐந்தாவது, யார் பன்னிரண்டாவது என்று குழு செவ்வாய்தோறும் மாலையில் தொலைக்காட்சியில் ஒரு பட்டியல் வாசிக்கும். அதற்குச் சில மணி நேரம் முன்னதாக, டப்பின் கடைச் சுவரில் தொங்கும் வெள்ளைப் பலகையில் ஹார்லனின் பட்டியல் ஏறிவிடும். அப்படியொரு குழு வருவதற்கு முன்பிருந்தே, பத்தொன்பது ஆண்டுகளாக அவர் பட்டியல் தவறியதில்லை.

வியப்பு என்னவென்றால், ஆட்டக்காலம் முடியும்வரை அவர் ஓர் ஆட்டத்தையும் பார்ப்பதில்லை. ஊர் முழுதும் தொலைக்காட்சி முன் அமர்ந்திருக்கும் சனிக்கிழமை மதியம், வண்டியின் வானொலியை அணைத்துவிட்டு மீன்பிடிக்கப் போய்விடுவார். செய்தித்தாளின் விளையாட்டுப் பக்கங்களை மனைவி வெர்லீன் உருவி வைத்துவிடுவாள். அவர் கடைக்குள் நுழைந்தால் பரிமாறும் ஒசெல்லா தொலைக்காட்சியைச் சமையல் நிகழ்ச்சிக்கு மாற்றுவாள். மேசைகளில் பேச்சு மழைக்கும் மான் வேட்டைக்கும் தாவும். ஆட்டங்களையெல்லாம் பதிவுசெய்து வைத்து, சண்டைகள் ஓய்ந்த பிறகு ஜனவரியில் ஒவ்வொன்றாகப் பார்த்து ரசிப்பார்.

காரணம் அந்த அட்டைகள். ஞாயிறன்று தேவாலயம் முடிந்து வந்ததும் வெர்லீன் முப்பது அட்டைகள் எழுதுவாள். முன்பக்கத்தில் ஒரு அணி எத்தனை வென்றது, எத்தனை தோற்றது, எதிராளிகள் எவ்வளவு வலியவர்கள், ஆட்டம் சொந்த மைதானத்திலா வெளியிலா என்ற விவரங்கள். பெயர் பின்பக்கத்தில். பெரிய கல்லூரிகள் நவம்பரில் எங்கிருந்தோ ஒரு சின்னக் கல்லூரியை வரவழைத்து நொறுக்கி அனுப்புவது அந்தப் பக்கத்து வழக்கம். அப்படிப்பட்ட வெற்றியைச் சுற்றி அவள் பென்சிலால் ஒரு வட்டம் போடுவாள். வட்டமிட்ட வெற்றியை ஹார்லன் கணக்கில் சேர்ப்பதில்லை. திங்களன்று முன்பக்கங்களை மட்டும் பார்த்து அடுக்குவார். செவ்வாய் மதியம் கடையில் எல்லோர் முன்னிலையிலும்தான் திருப்புவார். எந்த அணி என்று தெரிந்தால் தராசில் விரல் வைத்த மாதிரி என்பது அவர் கட்சி.

அந்த ஆண்டு விரல் வைக்க எல்லோருக்குமே ஆசை இருந்தது. டப்பின் மகன் ட்ரேஸ், காப்பர் பெண்ட் கல்லூரி அணியின் முன்வரிசைக் காவலன். நான்காவது ஆண்டு, அதற்கு மேல் அவனுக்கு ஆட்டமில்லை. அணி பன்னிரண்டுக்குள் நுழையுமா, வெளியே நிற்குமா என்ற நிலை. சொந்த மருமகனின் அணி வென்றதா தோற்றதா என்பதுகூட ஹார்லனுக்குத் தெரியாது. சனிக்கிழமை மாலை மீன் கூடையோடு வீடு திரும்பும்போது, வெர்லீன் வாசலில் நின்று ஒரே ஒரு வாக்கியம் சொல்வாள்: “பையனுக்கு அடி ஒண்ணும் படல.” அதற்கு மேல் அவரும் கேட்டதில்லை.

நவம்பரின் கடைசி சனி முடிந்து வந்த செவ்வாய், அந்த ஆண்டின் கடைசிப் பட்டியலுக்கான நாள். டப்பின் கல்லாப்பெட்டி அருகே ஒரு மனு கிடந்தது. பன்னிரண்டைப் பதினாறாக்க வேண்டும் என்று வட்டாரத்து ரசிகர் சங்கம் எழுதியது. ஊரில் பாதிப் பேர் கையெழுத்திட்டிருந்தார்கள். முதல் வரியை மட்டும் காலியாக விட்டிருந்தார் டப். மூன்று வட்டங்களில் எந்தப் பம்பைத் தொட்டாலும் அதன் ஆய்வுச் சான்றில் ஹார்லனின் கையெழுத்துதான் கண்ணில் படும். அந்தப் பெயர் தலையில் இருந்தால் மனுவைப் படிப்பவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள் என்பது டப்பின் கணக்கு. மூன்று வாரமாகக் கேட்கிறார். ஹார்லன் மறுத்துக்கொண்டே இருக்கிறார்.

“பதினாறு ஆக்கினா பதினேழாவதா நிக்கிறவன் அழுவான்” என்றார் ஹார்லன், அட்டைக் கட்டின் ரப்பரைக் கழற்றியபடி. “இருபத்துநாலு ஆக்கினா இருபத்தஞ்சாவது ஆளு. அழுகிற ஆளுதான் மாறுவான்.”

“அழட்டும். நம்ம பையன் உள்ள இருப்பான்ல?”

“இருபத்துநாலுக்கே போயிடலாம் மிஸ்டர் ஹார்லன்” என்றாள் ஒசெல்லா, காப்பியை ஊற்றிக்கொண்டே. “எங்க சர்ச் பாட்டுக் கோஷ்டியில மூணு பேரு நல்லா ஓடுவாங்க.”

சிரிப்பு அடங்கியதும் டப் குரலைத் தாழ்த்தினார். எந்த அணி என்று சொல்லாமல், செப்டம்பரில் பந்தெறியும் பையனின் மணிக்கட்டு உடைந்த வாரத்தில் தோற்றதை வைத்து ஒரு அணியையே வெளியே நிறுத்துவது நியாயமா என்று கேட்டார். ஹார்லன் உடனே மறுக்கவில்லை. அட்டைகளை ஓரம் தட்டியவாறே சிறிது நேரம் அதை நினைத்துப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: “தோத்தாலும் பரவால்லன்னு ஆயிட்டா, நீ நவம்பர்ல எதுக்குடா நகத்தக் கடிச்சிக்கிட்டு உக்காருவ?”

அட்டைகளைத் திருப்பத் தொடங்கினார். ஒன்று, இரண்டு என்று பெயர்கள் பலகையில் ஏறின. ஒன்பதுக்குப் பிறகு யாரும் கடலை உரிக்கவில்லை. பன்னிரண்டாவது அட்டையைத் திருப்பினார். பின்பக்கத்தில் வெர்லீனின் சாய்ந்த எழுத்தில் காப்பர் பெண்ட் என்றிருந்தது.

டப் தொப்பியைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டு சற்று நேரம் நின்றார். ஹார்லன் பலகைப் பேனாவை எடுத்து, மற்ற பெயர்களைவிடக் கொஞ்சம் பெரிய எழுத்தில் அந்தப் பெயரை எழுதினார். பத்தொன்பது ஆண்டுகளில் ஊர்ப்பக்கத்து அணி ஒன்று அந்தப் பலகையில் ஏறியது அதுவே முதல் முறை.

கடைசிப் பட்டியலைத் திருப்பிய பிறகு பேசத் தடையில்லை. மூன்று மாதம் அடக்கி வைத்திருந்ததையெல்லாம் டப் கொட்டத் தொடங்கினார். முதல் வார ஆட்டம், மழையில் வென்ற ஆட்டம், வெளியூரில் கடைசி நிமிடத்தில் வென்ற ஆட்டம் என்று ஆட்டம் ஆட்டமாக விரலை மடக்கினார். ஹார்லன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, கதை கேட்கும் குழந்தையைப் போல் வாய் சற்றுத் திறந்திருக்கக் கேட்டார். ட்ரேஸ் எந்தக் காலை முன்வைத்துத் தடுத்தான், பயிற்சியாளர் என்ன சொன்னார் என்று இடையிடையே கேள்வியும் கேட்டார்.

“அப்புறம் நவம்பர் மூணாவது வாரம், பைன் லெவல்காரனுங்க வந்தானுங்க பாரு மச்சான். பாவம், சின்ன காலேஜு. ட்ரேஸு பாதி ஆட்டம் பெஞ்சுல உக்காந்து ஆரஞ்சு தின்னுக்கிட்டிருந்தான்.”

ஹார்லன் தலையசைப்பதை நிறுத்தினார். எழுந்து போய்ப் பன்னிரண்டாவது அட்டையை எடுத்து முன்பக்கத்தைப் பார்த்தார். பத்து வெற்றி, இரண்டு தோல்வி. நவம்பர் மூன்றாம் வாரத்தைச் சுற்றிப் பென்சில் வட்டம் இல்லை. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்; அழித்த தடமும் இல்லை. வெர்லீன் மறந்தாளா, மறக்க விரும்பினாளா என்பது அவர் வீட்டில் கேட்கப்போகும் கேள்வியும் அல்ல. மேலே அடுக்கியவர் அவர். எதிராளி இவ்வளவு மெலிந்தவனாக இருந்தும் வட்டம் எங்கே என்று நின்று பார்த்திருக்க வேண்டியவரும் அவர்தான்.

வட்டத்தைப் போட்டார். ஒன்பது வெற்றி. அட்டைக் கட்டிலிருந்து அடுத்த அட்டையை எடுத்துப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார். பத்து வெற்றி, ஒன்றிலும் வட்டமில்லை. திருப்பினால் மார்லோ கல்லூரி.

“யாரும் கவனிக்கல மச்சான்” என்றார் டப். நிலைமை அவருக்குப் புரிந்துவிட்டது. “நான் வாயத் தொறக்காம இருந்திருந்தா உனக்கே தெரியாது.”

“தெரியாது” என்று ஒப்புக்கொண்டார் ஹார்லன்.

துணியை எடுத்துப் பெரிய எழுத்தில் இருந்த பெயரை அழித்தார். மார்லோ என்று எழுதினார். அதற்குக் கீழே, பலகையின் சட்டத்தை ஒட்டி இருந்த குறுகிய இடத்தில், பதின்மூன்று என்று எண்ணிட்டுக் காப்பர் பெண்ட் என்று எழுதினார். ஒசெல்லா காப்பிப் பாத்திரத்தைச் சத்தமில்லாமல் அடுப்பில் வைத்தாள்.

டப் மனுவை எடுத்து வந்து அவர் முன் வைத்தார். கோபம் இல்லை, களைப்புத்தான் தெரிந்தது. “பதினாறுன்னா இப்பவும் நம்ம பையன் உள்ளதான். இப்பவாவது போடு. உன் தங்கமான பேர ஒருவாட்டி நம்ம வீட்டுக்காக எழுதுடா.”

ஹார்லன் மனுவை முழுவதும் படித்தார். காலியாக இருந்த முதல் வரியின் மேல் கட்டைவிரல் நின்றது. பிறகு சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். பேனாவைத் தொடர்ந்து அதே பையிலிருந்து ஒரு சிவப்புச் சீட்டும் வெளியே வந்தது. மனுவை அடியில் வைத்து, அதன்மேல் சீட்டை வைத்து எழுதினார். உரிமையாளர்: ஹார்லன் பீவி. குற்றம்: அதிகமாகக் காட்டியது, ஒரு வெற்றி. தேதி. கையெழுத்து. முதல் வரி காலியாகவே இருந்த மனுவை மடிக்காமல் டப்பிடம் திருப்பிக் கொடுத்தார். பலகை தொங்கிய ஆணியில் சீட்டின் கம்பியைச் சுற்றி, இரண்டு முறை முறுக்கி, இழுத்துப் பார்த்துவிட்டு, குடுவையைப் பிடிப்பதுபோல் பலகையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, உதடு அசையாமல் பத்து வரை எண்ணினார்.